தள்ளிவைத்த கூடுகள்

ஓட்வார் கையில் எடுத்த எந்த வேலையையும் சுத்தமாகச் செய்வான். முடிக்க மட்டும் மாட்டான். கல்யாணமான நாளிலிருந்து குன்வோருக்குத் தெரிந்த விஷயம்தான் இது. தெரிந்தும் தன் தோட்டாக் கூடுகளைக் கொண்டுபோய் அவன் கையில் கொடுத்தாளே, அதை நினைத்தால்தான் அவளுக்குத் தன் தலையிலேயே அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

சமையலறை முழுக்கப் பித்தளை. பாத்திரம் வடிய வைக்கும் தட்டில் கூடுகள், ஜன்னல் விளிம்பில் கவிழ்த்துவைத்த கூடுகள், மாவு சலிக்கும் சல்லடையில் கூடுகள். சுட்ட தோட்டாவில் மிஞ்சுவது இந்த வெற்றுக் கூடுதான். அதைச் சுத்தம் செய்து, உப்பியதைச் சரியாக்கி, அடியில் பொறி கிளப்பும் புது கேப்பும் மருந்தும் குண்டும் வைத்தால் மறுபடியும் தோட்டா. ரெண்டாலன் பள்ளத்தாக்கில் எல்க் மான் வேட்டைக்குப் போகிற வீடுகளில் பாதிக்கு மேல் இதைத்தான் செய்கிறார்கள். மற்ற வீடுகளில் ஒரு சனி ஞாயிறில் முடிந்துவிடும். இந்த வீட்டில் கோடையில் ஆரம்பித்தது, பிர்ச் மரமெல்லாம் மஞ்சளாகிவிட்டது, இன்னும் முடியவில்லை.

முதலில் அடியில் இருக்கும் பழைய கேப்பைத் தட்டி எடுக்க வேண்டும். பிறகு குட்டிக் குட்டி எஃகு ஊசிகளோடும் சோப்புத் தண்ணீரோடும் ஓர் உருளையில் போட்டு உருட்ட வேண்டும். அந்த ஊசிகள் குன்வோரின் பாத்திரத் துணியில் வந்தன, காலுறையில் வந்தன, ஒரு தடவை மீன் உருண்டையில்கூட வந்தன. பிறகு கூட்டுக்கு வழுக்குப் பசை தடவி, அச்சுக்குள் வைத்து அழுத்திப் பழைய வடிவத்துக்குக் கொண்டுவர வேண்டும். அந்தப் பசை ஃபிரிட்ஜ் கைப்பிடியில் இருந்தது, டிவி ரிமோட்டில் இருந்தது, நாயின் காதிலும் இருந்தது. பிறகு நீண்டுபோனதை வெட்ட வேண்டும், வாயோரப் பிசிறைச் சுரண்ட வேண்டும், அளக்க வேண்டும். ஓட்வார் அளந்தான். மறுபடி அளந்தான். மறுநாள் உட்கார்ந்து முதலிலிருந்து அளந்தான்.

"ஓட்வார், இன்னிக்குச் சாயங்காலம் நாலு மணிக்கு நான் சுடணும். ஞாபகம் இருக்கா?"

"இருக்கு, இருக்கு."

"எத்தனை தோட்டா ரெடி?"

"கூடெல்லாம் கிட்டத்தட்ட ரெடி."

"நான் கூடு கேக்கல. தோட்டா கேட்டேன்."

"கூடு சரியா இருந்தா தோட்டா தானா வரும்."

"தானா வர்றதுக்கு அது என்ன, கோழி போடற முட்டையா?"

அவன் பதில் சொல்லாமல் காபிக் கோப்பையோடு கீழ்த்தளத்துக்கு இறங்கிப் போனான். பதில் சொல்லாமல் படி இறங்குவதில் அவனை அடித்துக்கொள்ள ஆளே கிடையாது.

அன்றைய தேர்வுதான் வேட்டை தொடங்குவதற்கு முன் கடைசித் தேர்வு. காட்டுக்குள் எந்தத் துப்பாக்கியை எடுத்துப் போகிறாயோ அதே துப்பாக்கியால் ஐந்து குண்டு சுட வேண்டும், ஐந்தும் வட்டத்துக்குள் விழ வேண்டும். இல்லையென்றால் அந்த வருஷம் சூப் கிண்டலாம், நாய்க்குப் பின்னால் ஓடி மரத்தைத் தட்டிச் சத்தம் போட்டு மிருகத்தை விரட்டலாம். குன்வோர் வருஷக்கணக்காக இரண்டையும் செய்தாயிற்று. அவள் கிண்டிய சூப்பைக் குடித்துவிட்டு ஆண்கள் போய் நல்ல நல்ல இடங்களில் உட்காருவார்கள். அவள் ஈரக் காலணியோடு புதரில் நடப்பாள்.

இந்த வருஷம்தான் பெரிய சதுப்பு ஓரத்து இடம் காலியானது. அங்கே உட்கார்ந்திருந்த கிழவருக்கு முழங்கால் போய்விட்டது, மகள் வீட்டுக்குப் போய்விட்டார். வேட்டைக் குழுத் தலைவர் ஹால்கிரிம் எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டார்: "அந்த இடம் குன்வோருக்கு. தேர்வு பாஸ் பண்ணணும், அவ்வளவுதான். பண்ணலேன்னா தெர்யேக்கு." தெர்யே யாரென்றால் ஓட்வாரின் தம்பி. மூன்றாம் வருஷம் காட்டில் காவலிருந்த இடத்திலேயே அடுப்பு மூட்டி சாஸேஜ் சுட்டுத் தின்று, வந்த எல்க்கை வந்த வழியே திருப்பி அனுப்பிய புண்ணியவான். அவனுக்கா அந்த இடம்! நினைக்கும்போதே குன்வோருக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அவளுடைய துப்பாக்கி பழையது, மாமா கொடுத்துவிட்டுப் போனது. அவள் தோளுக்குச் சொல்லிவைத்தாற்போல் பொருந்தும். அதற்கான தோட்டாதான் கடையில் கிடைப்பதில்லை. ஒரு கடையில் வரவழைத்துத் தருகிறேன் என்றார்கள், கிறிஸ்துமஸுக்கு முன்னால் வராது என்றும் சொன்னார்கள். ஓட்வாரின் துப்பாக்கியைக் கடன் வாங்கலாமென்றால் அவன் இடக்கைக்காரன், துப்பாக்கியின் தாழ்ப்பாளே இடப்பக்கம் இருக்கும். ஆகவே ஏற்கெனவே பயிற்சியில் சுட்ட கூடுகள்தான் கதி. "எங்கிட்ட விடு" என்று ஓட்வார் சொன்னான். விட்டாள்.

சூப்பு கொதித்துக்கொண்டிருந்தது. வந்த கோபத்தில் மாவைப் பிசைந்து உருட்டிவைத்தாள், பன் சுடலாமென்று அடுப்புக்குக் கீழே இருந்த ஓவனை முழுச் சூட்டுக்குத் திருகினாள். சூப்பு அடிபிடிக்கிற மாதிரி இருந்தது. பெரிய மரக்கரண்டி கைக்கெட்டிய இடத்தில் இருந்தது, எடுத்துக் கிண்டினாள். அப்போது ஹால்கிரிம் போனில் கூப்பிட்டார்.

"குன்வோர், நாலு மணி இல்ல, மூணு. சாயங்காலம் மூடுபனி இறங்குதாம். இறங்கிட்டா இலக்கே தெரியாது."

"மூணா!"

"ஏன், தோட்டா ரெடிதானே?"

"ரெடி" என்றாள் குன்வோர், வாய் கூசாமல். அதற்கப்புறம் ஹால்கிரிம் தன் நாயின் வயிற்றுப்போக்கைப் பற்றி ஆரம்பித்தார். அவர் ஆரம்பித்தால் லேசில் விடுகிறவரா! காதில் போனை வைத்துக்கொண்டே அவள் தன் நாய்க்குச் சோறு வைத்தாள், வெளியே காயப்போட்ட துணியை எடுத்து மடித்தாள், அவருடைய நாய்க்கு அரிசிக் கஞ்சி கொடுக்கச் சொன்னாள். திரும்பி வந்து பன் தட்டை எடுத்துக்கொண்டு அடுப்பைத் திறந்தாள்.

உள்ளே கூடுகள் வரிசையாக நின்றன.

"ஓட்வார்!" அந்தச் சத்தத்தில் நாய் மேசைக்கடியில் போய்ப் படுத்தது.

ஓட்வார் ஓடிவந்து தட்டை வெளியே இழுத்தான். மஞ்சளாகப் பளபளத்திருக்க வேண்டிய பித்தளை பழுப்பும் நீலமுமாக மாறியிருந்தது. பசை போகக் கடைசியாக ஒரு தரம் கழுவி, ஈரம் காய மிதமான சூட்டில் வைத்திருந்தானாம். தேறியவை மொத்தமும் அந்தத் தட்டில்தான்; வெளியே பரப்பிக் கிடந்ததெல்லாம் அவனுடைய துப்பாக்கிக்கானது. அவன் நாற்காலியில் உட்கார்ந்தான்.

"போச்சு. எல்லாம் போச்சு."

"கழுவி எடுத்தா சரியாகாதா?"

"அழுக்கு இல்ல குன்வோர் இது. சூடு பட்டா பித்தளை இளகிடும். அடிப்பக்கம் இளகின கூடு மருந்து வெடிக்கிறப்போ தாங்காது. பிளந்துக்கிட்டு பின்பக்கமா வரும். பின்பக்கம் யாரு இருக்கா? உன் மூஞ்சி இருக்கு."

"அடுப்புக்குள்ள வெச்சா சொல்லித் தொலைக்கிறதுக்கென்ன?"

"கரண்டி செருகியிருந்தேனே!"

இந்த வீட்டில் ஒரு சட்டம் உண்டு. அடுப்புக்குள் கூடு காய்ந்துகொண்டிருந்தால் அடுப்புக் கதவின் கைப்பிடியில் பெரிய மரக்கரண்டியைச் செருகிவைக்க வேண்டும். சட்டம் போட்டவள் குன்வோரேதான். முன்பொரு தடவை பிறந்தநாள் கேக் கூடுகளோடு சேர்ந்து வெந்த அன்று, கையை ஆட்டி ஆட்டிப் போட்ட சட்டம் அது. இரண்டு பேரும் திரும்பிப் பார்த்தார்கள். கரண்டி சூப்புக்குள் நின்றுகொண்டிருந்தது.

குன்வோர் கரண்டியை வெளியே எடுத்தாள்.

"சரி, எடுத்தேன். எடுத்துட்டேன். அதுக்கென்ன இப்போ? தூக்குல போடறியா?" என்றாள் குன்வோர். அழுகை வந்தது. அழுதால் தெர்யே ஜெயித்த மாதிரி ஆகிவிடும் என்று அடக்கிக்கொண்டாள்.

நினைத்த மாத்திரத்தில் தெர்யே கதவைத் திறந்துகொண்டு வந்தான். கடன் வாங்கிய மரம் வெட்டும் ரம்பத்தைத் திருப்பிக் கொடுக்க அவனுக்குக் கிடைத்த நாள் அதுதான்.

"என்ன அண்ணி, வாசம் தெரு வரைக்கும் வருது." அடுப்புத் தட்டைப் பார்த்தான். அவன் முகம் மலர்ந்ததை மறைக்கக்கூடத் தெரியவில்லை அந்த மடையனுக்கு. "அட, இதென்ன, பித்தளை ரொட்டியா? நல்லா முறுகலா வந்திருக்கே!"

"ரம்பத்தை வெச்சுட்டுக் கிளம்பு."

"கவலைப்படாதே அண்ணி. சதுப்பு ஓரத்து இடத்தை நான் பத்திரமாப் பாத்துக்கறேன். அடுத்த வருஷம் வேணும்னா யோசிக்கலாம். நீ இல்லாம எங்களுக்கு சூப்பு யார் வைக்கிறது, சொல்லு?"

"தெர்யே, இந்தக் கரண்டியோட நீளம் எவ்வளவுன்னு உனக்குத் தெரியுமா? உன் முதுகுல அளந்து காட்டட்டுமா?"

அவன் சிரித்துக்கொண்டே போனான். போகிற போக்கில் அண்ணன் தோளில் ஒரு தட்டு தட்டிவிட்டுப் போனான். அவன் தட்டியதைக் குன்வோர் பார்த்தாள், அண்ணனும் தம்பியும் சேர்ந்து செய்கிறார்களோ என்று பட்டது.

பார்த்ததும் அவளுக்கு இன்னொன்று ஞாபகம் வந்தது. கீழ்த்தளத்தில் காபி டப்பா ஒன்று இருந்தது. அளவில் தேறாத கூடுகளை ஓட்வார் அதில்தான் போடுவான். அளந்து, தலையை ஆட்டி, டப்பாவில் 'டங்' என்று போடுகிற சத்தம் கோடை முழுக்க மேலே வரைக்கும் கேட்டிருக்கிறது. படபடவென்று இறங்கிப் போய் டப்பாவைத் தூக்கிவந்து சாப்பாட்டு மேசையில் கவிழ்த்தாள். அவன் அடுப்பில் காயவைத்ததைவிட இது அதிகம்.

"அதைத் தொடாதே. அதெல்லாம் கழிச்சது."

"ஏன் கழிச்சே?"

"அளவு சரியில்ல."

குன்வோர் மர ஆலையில் வேலை பார்க்கிறவள். பலகையின் தடிமனை நாள் முழுக்க அளந்து தரம் பிரிப்பது அவள் பிழைப்பு. அவனுடைய வெர்னியர் அளவுகோலை எடுத்தாள். டிஜிட்டல் ஒன்று போன கிறிஸ்துமஸுக்கு அவளே வாங்கிக் கொடுத்திருந்தாள். பேட்டரியை நம்புகிறவன் வெடிமருந்தைத் தொடக்கூடாது என்று சொல்லி அதை அவன் பெட்டியைவிட்டே எடுக்கவில்லை. ஒரு கூட்டை வெர்னியரின் தாடையில் வைத்தாள். சரியாக இருந்தது. இன்னொன்று. அதுவும் சரி. இரண்டு கூட்டில் கழுத்தில் மயிரிழை வெடிப்பு தெரிந்தது, அதைக் குப்பையில் போட்டாள். மற்றதெல்லாம் அச்சில் வார்த்த மாதிரி ஒரே அளவு. ஒன்றிலும் குறையில்லை.

ஒன்றை எடுத்து அவன் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"இது நல்ல கூடு ஓட்வார்."

"இல்ல."

"நல்ல கூடு! இதுவும் நல்ல கூடு, இதுவும்! கோடை முழுக்க நல்ல கூட்டையெல்லாம் எடுத்து எடுத்துக் குப்பையில போட்டிருக்கே. ஏன்? உன் தம்பிக்கு அந்த இடம் போகணும், அதானே? நேரா சொல்லியிருக்கலாமே. 'நீ சூப் வைக்கத்தான் லாயக்கு'ன்னு மூஞ்சிக்கு நேரா சொல்லியிருந்தா நான் இந்தப் பசையையும் ஊசியையும் இத்தனை நாள் பொறுத்துக்கிட்டு இருந்திருப்பேனா?"

"அப்படியெல்லாம் இல்ல."

"பின்ன எப்படி? சொல்லேன்!"

ஓட்வார் மேசைப் பக்கம் குனிந்தான். ஒரு கூட்டை எடுத்து விரலுக்கிடையில் உருட்டிக்கொண்டிருந்தான். படி இறங்கிப் போகப் பார்த்தான், அவள் குறுக்கே நின்றாள். கூட்டை அவன் கையிலிருந்து பிடுங்கி, வெர்னியரோடு சேர்த்து அவன் முன்னால் வைத்தாள்.

"அள. என் கண் முன்னாடி அள. என்ன குறைன்னு சொல்லு."

அவன் அளந்தான். வெர்னியரை மூக்குக்குக் கிட்டே கொண்டுபோனான், ஜன்னல் பக்கம் திருப்பினான், தலையைச் சாய்த்தான். "ஒரு முடி கூட இருக்கு" என்றான்.

அவள் அதை வாங்கி, மற்றவற்றோடு கலப்பது போல் கலந்து, அதே கூட்டைத் திரும்ப அவன் கையில் கொடுத்தாள். "இது?"

மறுபடி மூக்குக்குக் கிட்டே கொண்டுபோனான். "இது கட்டை. வெட்டினது அதிகமாயிடுச்சு."

மூன்றாம் தடவையும் அதே கூடுதான். "இது பரவாயில்ல போலிருக்கு" என்றான். பிறகு, "ஆனா எதுக்கும் கழிச்சிடலாம்" என்றான்.

குன்வோர் உட்கார்ந்தாள். வாயில் தயாராக இருந்த வசவெல்லாம் எங்கே போயிற்றோ.

"மூணும் ஒரே கூடு ஓட்வார்."

அவன் வெர்னியரை மேசையில் வைத்தான். துணியை எடுத்து, சுத்தமாக இருந்த அதன் தாடையைத் துடைத்தான்.

"வசந்தத்துலேர்ந்தே இப்படித்தான். பால் கண்ணாடி வழியாப் பாக்கற மாதிரி இருக்கு. கோடெல்லாம் ஒண்ணு மேல ஒண்ணு ஏறிக்குது. சரியா தப்பான்னு தெரியல. சந்தேகம்னா தள்ளிடணும், கூடு விஷயத்துல அதுதான் சட்டம். எனக்கு எல்லாத்துலயும் சந்தேகமா இருந்துச்சு. அதான் எல்லாத்தையும் தள்ளினேன்."

"அப்போ அடுப்புல இருந்தது மட்டும் எப்படித் தேறிச்சு?"

"வெயில் நல்லா அடிச்ச நாள்ல அளந்தது."

குன்வோருக்குச் சிரிப்பும் வரவில்லை, அழுகையும் வரவில்லை. கோபம்தான் வந்தது, அதுவும் புதுசாக. "எங்கிட்ட சொல்லியிருந்தா நான் அளந்திருப்பேனே! நாள் பூரா அதைத்தானேய்யா பண்றேன்! இரு, இரு. வசந்தத்துலேர்ந்தா? நேத்து எல்வரூம் டவுன் வரைக்கும் என்னை உக்கார வெச்சு கார் ஓட்டினியே?"

"மெதுவாத்தானே ஓட்டினேன்."

"அதுக்குத்தான் பின்னாடி லாரிக்காரன் ஹார்ன் அடிச்சு உயிரை வாங்கினானா! அடப் பாவி, நான் அவனைத் திட்டினேனே!"

"சொன்னா லைசென்ஸைப் பிடுங்கிடுவாங்க. துப்பாக்கியையும் ஓரங்கட்டச் சொல்லுவாங்க. அப்புறம் நான் என்ன பண்றது? சூப் கிண்டறதா?"

"நான் இத்தனை வருஷம் கிண்டலையா?"

அவன் வெர்னியரை மறுபடி துடைத்தான். அவள் விடவில்லை.

"எங்கம்மாவுக்கும் இதே கண்புரைதான். பால் கண்ணாடின்னு இதே வார்த்தைதான் அவளும் சொன்னா. காலையில போனா, மத்தியானம் கண்ணைக் கட்டிக்கிட்டு வந்து உக்காந்து வாஃபிள் தின்னா. அவ்வளவுதான் ஆபரேஷன். அதுக்குப் பயந்துக்கிட்டு, முழு ஆம்பளை, ஒரு கோடை முழுக்க டப்பாவுல டங் டங்குனு போட்டுக்கிட்டு இருந்திருக்கே. உன்னை என்ன பண்ணினா தகும்?"

"தெர்யேகிட்ட சொல்லாதே."

"தெர்யேகிட்ட நான் என்னத்தைச் சொல்லப் போறேன்! எழுந்திரு. மணியாகுது. நீ சொல்லு, நான் பாக்கறேன்."

கீழ்த்தளத்தில் இரண்டு பேரும் அந்தச் சின்ன மேசைக்கு முன்னால் நெருக்கியடித்து உட்கார்ந்தார்கள். டப்பாவிலிருந்த கூடுகளை அவள் ஒவ்வொன்றாகத் துடைத்து, விளக்குக்கு நேரே பிடித்து உள்ளே வெளியே பார்த்து, அளந்து கொடுத்தாள். அவன் விரல் கேப்பைக் கண் இல்லாமலே சரியாகப் பதித்தது. தடவிப் பார்த்து, "இது உள்ளே போயிடுச்சு, அடுத்தது" என்றான். புத்தகத்திலிருந்த மருந்தளவை அவள் வாசித்தாள், தராசின் முள்ளை அவள் பார்த்தாள், அவன் குண்டை வைத்துக் கைப்பிடியை இழுத்தான்.

"முள்ளு நடுவுல நிக்குதா?"

"நிக்குது."

"நல்லாப் பாரு."

"ஓட்வார், இந்த ரூம்ல பாக்கறவ நான்."

"சும்மா கேட்டேன்."

முதலில் ஒன்றிரண்டு சுட்டுப் பார்க்கவும், பிறகு தேர்வுக்கும் தேவையான தோட்டாக்கள் பெட்டியில் நின்றன. கோடை முழுக்க ஆகாத வேலை காபி ஆறுவதற்குள் ஆகிவிட்டது. அதை நினைத்தபோது குன்வோருக்கு மறுபடி எரிச்சல் வந்தது. கார் சாவியை அவன் சட்டைப் பையிலிருந்து அவளே எடுத்துக்கொண்டாள். அவன் தன் துப்பாக்கியையும் பின்னால் வைத்தான்.

"அது எதுக்கு?"

"எனக்கும் இன்னிக்குத்தானே கடைசி நாள்."

"நீ சுடப்போறதில்ல."

"பாக்கலாம்" என்றான். எதை வைத்துக்கொண்டு பார்ப்பானாம்!

சுடுதளத்தில் தெர்யே ஒரு மரக்கட்டை மேல் காலை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். குன்வோர் துப்பாக்கி உறையைப் பிரித்ததும் கால் நின்றது. பெட்டியைத் திறந்ததும் எழுந்தே நின்றுவிட்டான். "தோட்டா எங்கேருந்து வந்துச்சு?" என்றான்.

"தானா வந்துச்சு" என்றாள் குன்வோர்.

மூடுபனி ஆற்றுப் பக்கமிருந்து மெல்ல ஏறிக்கொண்டிருந்தது. அவள் படுத்தாள். இத்தனை நாள் காத்திருந்த இடம் இந்த ஐந்து குண்டில் இருக்கிறது என்பது தெரிந்தது. கணவன் தள்ளிவைத்த கூட்டை நம்பித் தன் கன்னத்தைத் துப்பாக்கியோடு ஒட்டிவைத்திருப்பதும் தெரிந்தது. ஆனால் அளந்தது அவள். அதில் அவளுக்குச் சந்தேகமில்லை. மூச்சை விட்டாள், சுட்டாள்.

ஐந்தும் முடிந்ததும் ஹால்கிரிம் தொலைநோக்கியில் வெகுநேரம் பார்த்தார். வேண்டுமென்றே அவ்வளவு நேரம் பார்த்தாரென்று குன்வோருக்குத் தோன்றியது.

"அஞ்சும் உள்ள" என்றார். "மூணாவது கொஞ்சம் இடப்பக்கம். ஆனா உள்ளதான். சதுப்பு ஓரம் உன்னோடது."

குன்வோர் எழுந்து முழங்காலைத் தட்டிவிட்டுக்கொண்டாள். ஒன்றும் நடக்காத மாதிரி நிற்கப் பார்த்தாள், முடியவில்லை, காரில் கூடவே வந்திருந்த நாயைத் தூக்கிக் கொஞ்சினாள். தெர்யே தன் பூட்ஸையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஓட்வார், அடுத்தது நீ" என்று ஹால்கிரிம் கூப்பிட்டார்.

அவன் போனான். குன்வோர் கையைப் பிடித்து இழுக்கப் போனாள், எல்லோரும் பார்க்கிறார்களே என்று விட்டாள். சொல்லமாட்டேன் என்று வேறு வாக்குக் கொடுத்துத் தொலைத்திருந்தாள். அவன் பாயில் படுத்தான், தோட்டாவைப் போட்டான், தாழ்ப்பாளை மூடினான், கண்ணைத் துப்பாக்கியின் தொலைநோக்கியில் வைத்தான். வெகுநேரம் அப்படியே கிடந்தான். யாரோ இருமினார்கள். "அண்ணன் தூங்கிட்டாரா?" என்றான் தெர்யே.

ஓட்வார் தாழ்ப்பாளைத் திறந்தான். தோட்டாக்களை ஒவ்வொன்றாக வெளியே எடுத்துப் பையில் போட்டுக்கொண்டான். எழுந்து நின்றான்.

"எனக்கு இலக்கு தெரியல ஹால்கிரிம்."

"மூடுபனிப்பா. கொஞ்சம் பொறுத்துப் பாரு."

"மூடுபனி இல்ல. என் கண்ணு. வசந்தத்துலேர்ந்தே இப்படித்தான். அங்க ஏதோ நிக்குது, ஆனா அது இலக்கா, நீயா, தெர்யேயான்னு எனக்குச் சந்தேகமா இருக்கு." அவன் துப்பாக்கியை உறைக்குள் போட்டான். "சந்தேகம்னா தள்ளிடணும். இந்த வருஷம் என்னைத் தள்ளிடு."

யாரும் சிரிக்கவில்லை. தெர்யேகூடச் சிரிக்கவில்லை. அவன் இலக்குப் பக்கம் ஒருதரம் பார்த்து, இரண்டடி தள்ளி நின்றுகொண்டான். ஹால்கிரிம் தொண்டையைச் செருமினார்.

"நாயைப் பிடிச்சுட்டு வர ஆளு வேணும்" என்றார். "துப்பாக்கி இல்லாம. வர்றியா?"

"வர்றேன்."

"சூப்பும்..." என்று தெர்யே ஆரம்பித்தான்.

"சூப்பு இந்த வருஷம் நீ வைக்கிறே" என்றாள் குன்வோர். "சாஸேஜ் வேணும்னா அதுலயே போட்டுக்கோ."

திரும்பும்போது மூடுபனி சாலை மேலேயே இறங்கிவிட்டது. குன்வோர் ஊர்ந்து ஊர்ந்து ஓட்டினாள். பக்கத்தில் ஓட்வார் தோட்டாப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டிருந்தான். அதில் அவள் சுட்ட ஐந்து கூடும் இருந்தன. ஒன்றையும் விடாமல் புல்லில் தடவித் தடவிப் பொறுக்கியிருந்தான். எல்லோர் முன்னாலும் அவன் அப்படிச் சொன்னானே, அதற்கு அவனிடம் நல்லதாக ஒரு வார்த்தை சொல்ல வேண்டுமென்று அவளுக்கு இருந்தது. எப்படி ஆரம்பிப்பதென்று பாலம் வரைக்கும் யோசித்தாள்.

"திங்கக்கிழமை முதல் வேலையா கண் டாக்டருக்கு போன் பண்றேன்" என்றாள் கடைசியில். "நானும் கூட வர்றேன்."

"ம்."

"இன்னிக்கு நீ செஞ்சது..."

"மூணாவது கொஞ்சம் இடப்பக்கமாமே?" என்றான் ஓட்வார்.

"உள்ளதானே?"

"உள்ளதான். இருந்தாலும் இடப்பக்கம் ஏன் போகணும்?" ஒரு கூட்டை எடுத்து மூக்குக்குக் கிட்டே கொண்டுபோய், தலையைச் சாய்த்து, டாஷ்போர்டு வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "இதான் அதுன்னு நினைக்கிறேன். நான்தான் இதை அப்பவே தள்ளிவெச்சேனே."

குன்வோர் வண்டியை ஓரத்தில் நிறுத்தினாள். எட்டி அவன் பக்கத்துக் கதவைத் திறந்தாள். வெளியே வெள்ளையாக இருந்தது, மரமும் தெரியவில்லை, வேலியும் தெரியவில்லை.

"இறங்கு."

"இங்கயா? எனக்கு வழி தெரியாதே."

"தெரியாதில்ல? அப்போ வாயை மூடிட்டு வா."

அவன் கதவைச் சாத்திக்கொண்டான். வீடு போய்ச் சேரும்வரை கூட்டைப் பற்றி அவன் பேசவில்லை. அவள் கியர் மாற்றியதைப் பற்றி மட்டும் இரண்டு தடவை சொன்னான்.